கோலில்லாமல் ஏறிய மேடு

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மேட்டில் ஏறினால், பயந்தவனுக்குத்தான் முதலில் நெஞ்சு அடைக்கும் என்று நம்பியிருந்தேன். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் பயந்தவன் நானாகவே இருந்தபடியால், முடிவும் எனக்கே என்று தீர்மானித்து, எந்தப் படத்தைப் பெரிதாக்கி மாலை போடவேண்டும் என்பது வரை மனைவி வாணியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள், "அந்தப் படத்திலை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறியள்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில், பூட்டிக் கிடந்த பண்டகசாலைகளுக்கு நடுவே, மழை விட்ட தார் வீதியில் நான் மல்லாந்து கிடந்தேன். காலில் சில்லு வைத்த ஸ்கீ, சக்கரம் பூட்டிய பனிச்சறுக்குக் கட்டை. தலையில் மகளின் பழைய சைக்கிள் தலைக்கவசம், ஊதா நிறம். வலது கை நெஞ்சில்.

"முரளி! நெஞ்சு!" என்று கத்தினேன்.

ஒரு கடற்புறா கிட்ட வந்து என்னைச் சரித்துப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றும் தேறாது என்று நடந்து போனது.

முரளி வந்தான். சில்லுக் கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, சப்பாத்து வழுக்க வழுக்க வந்தான். "அண்ணே! சிவாண்ணே! இங்க பாருங்க. மூச்ச இழுத்து விடுங்க. இழுத்து விடுங்கண்ணே!"

அவன் முகம் எனக்கு நேர் மேலே இருந்தது. வானத்துக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை என் கன்னத்தில் விழுந்தது. சூடே இல்லாத வியர்வை.

நான் ஏன் அன்று வீதியில் படுத்தேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பனி இல்லாத ஊரில்

ஆக்லாந்தில் பனி பெய்வதில்லை. மழை பெய்யும், சாரல் அடிக்கும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். பனி வேண்டுமென்றால் விமானம் ஏறி நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகவேண்டும். இந்த ஊரில் இருந்துகொண்டு நீண்ட தூரப் பனிச்சறுக்குப் போட்டிக்குப் பயிற்சி எடுத்த தமிழர் இரண்டு பேர். பிளாக்ஹவுஸ் பே பகுதியில் நான், ரானுயி பகுதியில் முரளி.

முரளி திருச்சிக்காரன். கணினி வேலை. என்னைவிட மூன்று நாலு வயது இளையவன். கோயில் வாசலில் என் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போய், மறு வெள்ளிக்கிழமை கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தவன். அப்படித்தான் பழக்கம். இரண்டு அளவு பெரிய செருப்போடு வீடு வரைக்கும் எப்படிப் போனாய் என்று கேட்டேன். "ஏதோ வித்தியாசமா இருந்துச்சுண்ணே, ஆனா வலிக்கல. அதான் கண்டுக்கல" என்றான். அந்தப் பதிலை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு குளிர்காலத்தில் அலுவலகத்தோடு தென்தீவுக்குப் போனவன், அங்கே ஒரு மேட்டுநிலத்தில் ஆட்கள் ஸ்கீயில் மைல் கணக்காகப் போவதைப் பார்த்துவிட்டு வந்தான். மலையுச்சியில் இருந்து சர்ரென்று இறங்குகிறார்களே, அது இல்லை. இது வேறு. குதிக்கால் கட்டையோடு ஒட்டாது, பெருவிரல் பக்கம் மட்டும்தான் பூட்டு. இறங்குகிற அளவுக்கு ஏறவும் வேண்டும். இழுத்துக்கொண்டு போக யாரும் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பனிச்சறுக்கு என்றால் பனி சறுக்கும், நான் மேலே நிற்பேன் என்று நினைத்துப் போனேன். முதல் நாள் நின்ற நேரத்தைவிடக் கிடந்த நேரம் அதிகம்.

அதன் சூட்சுமம் கேட்க எளிது. ஒரு காலால் உதைத்து, முழுப் பாரத்தையும் மற்றக் காலில் போட்டுவிட வேண்டும். முழுப் பாரத்தையும். அந்த ஒற்றைக் கட்டையை நம்பி, அது நிற்கும் வரை வழுக்க வேண்டும். பிறகு மற்றக் கால். என்னால் முடியாது. எனக்கு எதற்கும் ஒரு கால் பின்னால் இருக்கவேண்டும். பாதிப் பாரம் இங்கே, பாதிப் பாரம் அங்கே.

"அண்ணே, ரெண்டு கால்லயும் நிக்கிறீங்க. அதான் போகமாட்டேங்குது."

"தம்பி, அகதியாய் வந்தவன் ஒரு காலை நம்பமாட்டான்."

முரளி நம்புவான். ஒரு காலில் நின்று, கொக்குப் போலப் போய்க்கொண்டே இருப்பான். கையில் பிடிக்கிற இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளுவதில் இன்னும் கெட்டிக்காரன். கையால் தள்ளக்கூடாது, வயிற்றை மடக்கி உடம்பின் பாரத்தைக் கோலின் மேல் விழுத்த வேண்டும், கை வெறும் கயிறு என்பான். அவன் கோல் ஊன்றும்போது 'டக்' என்று ஒரே சத்தம் கேட்கும். என்னுடையது 'டக்... டக்'.

ஊருக்குத் திரும்பி, சில்லு வைத்த ஸ்கீ வாங்கினோம். அதற்குப் பிரேக் கிடையாது. இதை விற்றவர் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்.

கதை நின்றால்

நீண்ட தூரத்துக்குப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் போகவேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் வருகிறவனோடு கதைத்துக்கொண்டு போகுமளவுக்கு. கதை அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். மூச்சுக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் நான் பிறவி வீரன். பிளாக்ஹவுஸ் பே கடற்கரைப் படிகளில் கோலோடு ஏறும்போதும், ஞாயிறு காலைகளில் மவுண்ட் வெல்லிங்டன் தொழிற்சாலை வீதிகளில் உருளும்போதும், வாய் ஓயாமல் கதைத்தேன்.

"நீங்க பேசுறத நிறுத்துனா ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னு அர்த்தம்" என்பான் முரளி.

"அது நடக்கேக்கை என்ரை பாக்கிக் கதையை நீதான் கேட்டு முடிக்கோணும்."

பெரிய கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்திலும் ஒரு தரம் பழகிப் பார்த்தோம். சமோவாக்காரக் காவலாளி வந்து, ஊதாத் தலைக்கவசத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன்னால் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றார். ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். என் சறுக்கலைப் பார்த்தவர் வேறென்ன நினைப்பார்?

என் நெஞ்சின் சரித்திரம்

எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது ஊரில், சின்ன வயதில், ஹெலிகொப்டர் சத்தத்தோடு. பதுங்குகுழிக்குள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க, நான் "நெஞ்சு வலிக்குது" என்பேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாமா, "உன்னைக் குண்டு கொல்லாதடா, நீயே செத்திடுவாய்" என்றார். குழிக்குள் சிரிப்பு. பயத்தைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள் என்று அன்றைக்குப் படித்தேன். அதை வைத்துத்தான் இவ்வளவு காலம் பிழைக்கிறேன், நான் எழுதுகிற இந்தத் தொடர் உட்பட. அந்த மாமா அடுத்த மாதம் ஷெல் விழுந்து போய்விட்டார். அவருக்கு நெஞ்சில் ஒரு நோயும் இருக்கவில்லை.

இங்கே வந்த பிறகு ஹெலிகொப்டர் தேவைப்படவில்லை. வீட்டுக் கடனின் வட்டி ஏறினாலும் போதும். இடது தோள் இறுகும், விரல் விறைக்கும், வாய் உலரும். வாணி காரை எடுப்பாள். அவசரப் பிரிவில் நெஞ்சில் வயர்களை ஒட்டுவார்கள், இரத்தம் எடுப்பார்கள். பிறகு ஒருவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு, கனிவாக, "உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது" என்பார். அந்தக் கனிவைப் போல அவமானம் வேறில்லை. வீடு திரும்பினால் மகள் கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல், "யூ ஆர் ஃபைன், அப்பா" என்பாள்.

இத்தனை தடவை போய் வந்ததில் ஒன்று மட்டும் மிஞ்சியது. உண்மையான இதய வலி எப்படி வரும், எங்கே தொடங்கும், எங்கே பரவும், எப்போது நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கு வந்தது ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை.

பலாப்பால்

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது முரளியின் ரானுயி வீட்டுக் கராஜில் ஸ்கீகளுக்கு மெழுகு தேய்த்தோம். ஈரப் பனிக்கு ஒருவிதப் பசை பூசுவார்கள். அடியில் பூசினால் உதைக்கும்போது பனியைப் பிடிக்கும். ஆனால் கையில், கதவுப்பிடியில், மூக்குக்கண்ணாடியில், எல்லாவற்றிலும் ஒட்டும். அசல் பலாப்பால். நான் உள்ளே போய்க் கவிதாவிடம் தேங்காய் எண்ணெய் கேட்டேன். கவிதா முரளியின் மனைவி, பாலர் பள்ளியில் ஆசிரியை. "பலாப்பழமா வெட்டுறீங்க?" என்று வந்து எட்டிப் பார்த்தாள். மெழுகை உருக்க அவளுடைய இஸ்திரிப்பெட்டியை முரளி ஸ்கீயின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தான். புகை. அதற்குப் பிறகு அவள் சொன்னதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

அவள் போனதும், விரல்களை எண்ணெயில் உருட்டிக்கொண்டே முரளி சொன்னான்.

"எங்கப்பா ஐம்பத்தொண்ணுல போனாருண்ணே. பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தாரு. எங்கண்ணன் அதே வயசு, பேட்மிண்டன் கோர்ட்ல. எனக்கு வர்ற மாசம் ஐம்பது முடிஞ்சு ஐம்பத்தொண்ணு."

நான் எண்ணெய்ப் போத்தலை அவன் பக்கம் தள்ளினேன்.

"அந்த வயச உக்காந்துகிட்டுக் கடக்க மாட்டேன். பனியில, ஓடியே தாண்டிருவேன். தாண்டுன பிறகு பாத்துக்கலாம்."

"டொக்டரிட்டைச் சொன்னனியே?"

"என்னன்னு?"

"அப்பா, அண்ணன்..."

"அதெல்லாம் எதுக்குண்ணே?" என்று சிரித்தான். "கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த 'இல்லை' எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். விசாவுக்கு முன்னால் ஒரு வைத்தியப் பரிசோதனை. முரளிக்குச் சென்னையில், எனக்குக் கொழும்பில். அறைக்குள் போவதற்கு முன்பே ஊரில் எல்லோரும் பாடம் சொல்லித் தந்திருப்பார்கள். என்ன கேட்டாலும் இல்லை. சர்க்கரை? இல்லை. வலிப்பு? இல்லை. குடும்பத்தில் இதயம்? இல்லை. ஒரு 'ஓம்' சொன்னால் அந்தக் குடும்பமே அங்கேயே நின்றுவிடும் என்று நம்பினோம். நான் மட்டும்தான் வாய்தவறி, "கொஞ்சம் படபடக்கும்" என்றேன். வாணி மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளிய தழும்பு கனகாலம் இருந்தது.

பிறகு விசா வந்து, வதிவுரிமை வந்து, பிரஜையாகி, அரசகீதமும் பாடியாயிற்று. நாக்கு மட்டும் இன்னும் அந்த அறையிலேயே நிற்கிறது. வெள்ளைச் சட்டையோடு யார் எதைக் கேட்டாலும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், முறிந்த காலோடு போய், "வலி இல்லை" என்றிருக்கிறார்.

ஒற்றைக் கை

மெழுகு தேய்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முரளியின் கதை அறுபடத் தொடங்கியது. தட்டையான வீதியில் பேசுவான். மேடு வந்தால் நிறுத்துவான். நான் தனியே கதைத்துக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தால், அவன் பின்னால் நின்று இடது கையை உதறுவான். கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும்.

"கோல் ஸ்ட்ராப் இறுக்கம்ணே" என்றான் ஒரு தரம்.

"ரெண்டு கோலையும் சேத்துத் தள்ளுறத அதிகமாப் பண்ணிட்டேன். கை வலிக்காம என்ன செய்யும்?" என்றான் மறு தரம்.

நியாயம்தான். கோல் ஊன்றுகிறவனுக்குக் கை நோகத்தான் வேண்டும். ஆனால் இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றுகிறவனுக்கு ஏன் ஒரு கை மட்டும் நோகிறது? 'டக்' என்று ஒரே சத்தத்தில் ஊன்றுகிறவன் அவன். இரண்டு கையிலும் ஒரே பாரம்.

கேட்டேன்.

"நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்ணே" என்றான். "உங்க பயத்த எனக்கும் ஒட்டிவிடாதீங்க. போட்டி முடியட்டும், போய்க் காட்டுறேன்."

"இப்ப காட்டினால் என்ன?"

"காட்டுனா போகாதேம்பாங்க."

கவிதாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நான் கேட்டேண்ணே, கை சுளுக்குன்னாரு. நீங்க வேற பயமுறுத்தாதீங்க" என்றாள். பயமுறுத்துவதில் எனக்கு அந்த வட்டாரம் முழுக்க நல்ல பெயர். வாணியிடம் சொன்னேன். வாணி என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

மறுபடியும் அந்த வீதி

அந்த ஞாயிறு, போட்டிக்கு முந்திய வாரம். கோல்களைக் காரிலேயே விடுவோம் என்று நான்தான் சொன்னேன். கோலில்லாமல் ஏறுவது ஒரு பழைய பயிற்சி. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் மட்டும் தள்ளி ஏறவேண்டும். பாரத்தை ஒரு காலில் போடப் பழக அது நல்லது. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது.

ஈர வீதி. எங்கோ ஒரு வெதுப்பகத்தில் பாண் ரொட்டி வேகும் வாசம். முரளி முன்னால் ஏறினான். கைகள் பின்னால், அசையாமல், ஒன்றையொன்று பிடித்தபடி. பாதி மேட்டில் கதை அறுந்தது. உச்சிக்குப் பக்கத்தில் நின்றான். பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்து, இடது முழங்கையைப் பிடித்தான். பிறகு தாடையைத் தேய்த்தான்.

அவன் கோலே ஊன்றவில்லை. கைக்கு வேலையே கொடுக்கவில்லை. கை நொந்தது.

அப்போதுதான் நான் வீதியில் படுத்தேன்.

பொய். சுத்தமான பொய். வாழ்நாளில் முதல் தடவையாக என் நெஞ்சில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் 'நெஞ்சு' என்று கத்தினேன். முரளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது. அவன் என்னைக் கூட்டிப்போவான்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுறேண்ணே."

"வேண்டாம். நேரமில்லை. கார்!"

ஆம்புலன்ஸ் வந்தால் வீதியிலேயே வயரை ஒட்டிப் பார்த்து, சுகமாய் இருக்கிறார் என்று என்னை எழுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு முரளி அந்தக் கட்டடத்துக்குள் வேண்டும். என் திட்டம் அபாரமாக வேலை செய்தது. காரில் ஏறி, கதவைச் சாத்தி, நெடுஞ்சாலையில் நுழைந்த பிறகுதான் ஒரு சின்னக் குறை தெரிந்தது. மாரடைப்பு வரப்போகிறவன் என்று நான் நினைக்கிற ஆள்தான் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நிமிடத்திலிருந்து என் நெஞ்சு நிஜமாகவே அடிக்கத் தொடங்கியது. விரல் விறைத்தது. வாய் உலர்ந்தது. ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் கைப்பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, "மெதுவாய், மெதுவாய்" என்றேன்.

"பயப்படாதீங்கண்ணே, வந்துட்டோம்" என்றான் முரளி. வலது கையால் மட்டும் ஓட்டினான். இடது கை மடியில் கிடந்தது. "பேசிக்கிட்டே வாங்க. பேசுறத நிறுத்தாதீங்க."

பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அவசரப் பிரிவின் வாசலில், ஆட்களைத் தரம் பிரித்து உள்ளே அனுப்புகிற நர்ஸ், வசனத்துக்கு ஒரு 'லா' போடுகிற மலேசியத் தமிழ்ப் பிள்ளை. என்னை நன்றாகத் தெரியும்.

"என்ன அங்கிள், மறுபடியும் நெஞ்சா லா?" என்றாள்.

"பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை. இவரைப் பாரும்."

முரளி என்னைப் பார்த்தான். "அண்ணே, என்ன விளையாட்டு இது?"

"இவருக்கு மேடு ஏறினால் இடக்கை நோகுது. தாடைக்கும் வருகுது. நிண்டால் போகுது. இண்டைக்குக் கோல் இல்லாமல் ஏறியும் நொந்தது."

"அங்கிள், ஜோக் பண்ணாதீங்க லா, வெளிய எவ்ளோ பேர் இருக்காங்க பாருங்க" என்றாள் அவள். ஆனால் அவள் கண் முரளியின் நெற்றிக்குப் போய்விட்டது. வெளியே குளிர். உள்ளேயும் பெரிய சூடில்லை. அவன் நெற்றி நனைந்திருந்தது. கேள்விகளை மளமளவென்று கேட்டாள்.

"நெஞ்சு வலி இருக்கா?"

"இல்ல."

"கை வலி?"

"இல்ல."

"குடும்பத்துல யாருக்காச்சும் ஹார்ட் பிரச்சன?"

"இல்ல."

கேள்வி முடியுமுன்பே பதில் வந்தது. நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, திருச்சியிலிருந்து வந்து சென்னையில் வரிசையில் நின்றவன் சொல்வது போலச் சொன்னான்.

நான் அவன் தோளில் கை வைத்தேன். சட்டை சில்லென்று இருந்தது.

"முரளி, விசா எப்பவோ கிடைச்சிட்டுது. சொல்லு."

அவன் நெற்றியைச் சட்டைக்கையால் துடைத்தான். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பிறகு, யாருக்கோ விட்டுக்கொடுப்பது போல, சின்னக் குரலில் சொன்னான்.

"ஆமா. அப்பா. அண்ணன். ரெண்டு பேரும்."

அவள் அதற்குப் பிறகு 'லா' போடவில்லை. சக்கர நாற்காலி வந்தது.

வார்டில்

இதயத்துக்குப் போகிற பெரிய குழாய் வேரிலேயே அநேகமாக மூடியிருந்தது. மற்றவையும் சரியில்லை. தசையும் களைத்துவிட்டது என்றார் வைத்தியர். நெஞ்சைத் திறந்துதான் செய்யவேண்டும். ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் அதைவிட ஆபத்து என்று மறைக்காமல் சொன்னார். முரளி, "ஓகே" என்றான். வீட்டுக்கு அனுப்பமாட்டோம், முறை வரும்வரை கட்டிலிலேயே இருக்கவேண்டும் என்றார்கள்.

முதலில் அவன் என்னோடு கதைக்கவில்லை. நான் போய்க் கட்டில் பக்கத்தில் இருந்து தனியே கதைத்துவிட்டு வருவேன். கவிதா ரசத்தை ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றும்போது, "இவர்தான் உங்களக் காப்பாத்திருக்காரு, ஒரு வார்த்த பேசுங்க" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போட்டி நாளன்று காலை போனேன். கைப்பேசியை நீட்டியபடி இருந்தான். அந்த மேட்டுநிலத்தில் வைத்த கமராவின் படம். வெயில். தடம் போட்ட புதுப் பனி. சின்னச் சின்னப் புள்ளிகளாக ஆட்கள்.

"செம பனிண்ணே" என்றான். அதுதான் அவன் மறுபடி பேசிய முதல் வார்த்தை.

"பசை தேவைப்பட்டிருக்காது."

"கவிதாட்ட சொல்லாதீங்க. இஸ்திரிப்பெட்டி வீணாப் போச்சுன்னு தெரிஞ்சா ஆபரேஷன அவளே பண்ணிருவா."

படத்தைப் பார்த்துக்கொண்டே, போர்வைக்கு மேலே இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மெல்ல இடுப்புப் பக்கம் இழுத்தான். கோல் ஊன்றுகிற வீச்சு. வயிற்றை மடக்கி, கையைக் கயிறாக விட்டு. நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்கள் கூடவே அசைந்தன. தலைமாட்டில் இருந்த கருவி கீச்சிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து விரலை ஆட்டினார்.

"நீங்க என்ன ஏமாத்திட்டீங்கண்ணே" என்றான், கையை இறக்கிவிட்டு.

"ஓம்."

"வீதியில அப்படிப் படுத்தீங்களே. நான் நிஜமாவே உங்க கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்." சிரித்தான். "அடுத்த வருஷம் ஒரு கால்ல நிக்கப் பழகிட்டு வாங்க. ரெண்டு கால்ல நிக்கிறவனோட நான் வரமாட்டேன்."

"நீ அந்த வயசைத் தாண்டு. நான் ஒரு காலிலை நிக்கிறன்."

"சரி."

அவனைச் சத்திர சிகிச்சைக்கு எடுத்தது ஒரு புதன்கிழமை காலை. கவிதா, வாணி, நான், மூன்று பேரும் வெளியே நடைகூடத்தில் இருந்தோம். கதிரைகள் ஒன்றோடொன்று பூட்டியவை, ஒருவர் அசைந்தால் மூன்று பேரும் அசைவோம். நான் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் வாணி என் முழங்காலில் கை வைத்தாள். நிறுத்தினேன்.

மத்தியானம் வைத்தியர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். குழாய்களை மாற்றிவிட்டதாகவும், இதயத்தைத் திரும்ப ஓடவைக்க முடியவில்லை என்றும் சொன்னார். கவிதா ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் தமிழில் கேட்டாள்.

பின்னேரம் எனக்கு நெஞ்சு வலித்தது. இடது தோள் இறுகி, விரல் விறைத்தது. வாணி கீழே அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வயர்களை ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உண்மைதான்.

என் இதயத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.